சென்னைக் காளைகள் எங்கே ஓடும்?

விளாங்குடி பஸ் நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வருகிற யாரையாவது நிறுத்தி, "2025-ல் சென்னைக் காளைகள் ஜெயித்ததே, தெரியுமாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மதுரைக்காரர்கள் தன்மையானவர்கள். பதில் சொல்லாமல் போக மாட்டார்கள். "எந்த வாடிவாசல்லங்க?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். கேட்பதிலும் தப்பு இல்லை. அலங்காநல்லூர் ஒரு எட்டில் இருக்கிறது. அங்கே இல்லாத காளை வேறு எங்கே இருக்கப் போகிறது?

ஆனால் இந்தக் காளைகளுக்குக் கொம்பும் இல்லை, திமிலும் இல்லை. 'சென்னை புல்ஸ்' என்பது ஒரு ரக்பி அணியின் பெயர். 2025-ம் வருஷம் ஜூன் 15 முதல் 29 வரை மும்பை அந்தேரி விளையாட்டு அரங்கில், இந்தியாவில் முதல் தடவையாகச் சம்பளத்துக்கு ஆடும் ரக்பிப் பந்தயம் ஒன்று நடந்தது. 'ரக்பி பிரீமியர் லீக்' என்று பெயர். சென்னை, பெங்களூர், ஹைதராபாத், தில்லி, மும்பை, கலிங்கம் என்று ஆறு அணிகள், 34 ஆட்டங்கள். இறுதி ஆட்டத்தில் சென்னை அணி தில்லி அணியை 41-க்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக் கொண்டு வந்தது. தில்லியை ஒரு புள்ளிகூட எடுக்க விடவில்லை!

இவ்வளவு பெரிய வெற்றிக்குத் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் பாயசம் வைத்தார்கள்? பாயசம் இருக்கட்டும், எத்தனை வீடுகளில் சேதியாவது தெரியும்?

இந்தப் பந்தயம் நிலைக்குமா, இரண்டு மூன்று வருஷம் மின்னிவிட்டு அணைந்து போகுமா என்பதுதான் இப்போது கேள்வி. "அது நிலைத்தால் என்ன, அணைந்தால் என்ன? எங்களுக்கு அடுப்பில் வேலை இருக்கிறது" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ நன்றாக ஓடக்கூடிய ஒரு பிள்ளை இருக்கிறது அல்லவா? என்றைக்காவது ஒரு நாள் டிரில் மாஸ்டர் வாசலில் வந்து நின்று, "அம்மா, உங்கள் பெண்ணை ரக்பிக்கு அனுப்புங்கள்" என்று கேட்கத்தான் போகிறார். அப்போது என்ன பதில் சொல்வதென்று இப்போதே யோசித்து வைத்துக் கொள்வது நல்லது.

கபடியின் ஒன்றுவிட்ட தம்பி

முதலில் ஆட்டம் என்ன என்று பார்த்து விடுவோம். பந்து உருண்டையாக இருக்காது. நுங்கு வண்டிக்காரன் பார்த்தால் சிரிப்பான். முட்டை வடிவம். அதைக் கையில் அணைத்துக் கொண்டு எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடித் தரையில் அழுத்த வேண்டும். அழுத்தினால் ஐந்து புள்ளி. இதற்கு 'டிரை' என்று பெயர். பிறகு அந்தப் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மேலும் இரண்டு. எதிராளிகள் சும்மா இருப்பார்களா? ஓடுகிறவனை இடுப்பிலோ தொடையிலோ கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்கலாம். தோளுக்கு மேலே கை போகக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கையான சட்டம் உண்டு. ஆட்டக்காரன் முன்னால் ஓட வேண்டும். ஆனால் பந்தைக் கையால் கொடுப்பதென்றால் பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். தனக்குப் பின்னால் கூட்டாளி வந்து கொண்டிருக்கிறான் என்ற நம்பிக்கை இல்லாதவன் இந்த ஆட்டத்துக்கு லாயக்கில்லை.

கட்டிப் பிடிப்பது, உதறிக்கொண்டு ஓடுவது, கோட்டைத் தொடுவது - இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? கபடிதான்! கபடியில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ரக்பியில் 15 பேர் ஆடும் பெரிய ஆட்டமும் உண்டு. ஏழு பேர் ஆடும் சின்ன ஆட்டமும் உண்டு. மும்பையில் நடந்தது இந்த ஏழு பேர் ஆட்டம். நான்கு நான்கு நிமிஷமாக நான்கு பகுதி, ஆக 16 நிமிஷம். உலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், சாதம் வடிக்கிற சமயத்தில் ஆட்டம் முடிந்துவிடும். குடும்ப ஸ்திரீகளை உத்தேசித்தே இந்த ஏற்பாட்டைச் செய்தார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒவ்வொரு அணியிலும் 13 ஆட்டக்காரர்கள். அவர்களில் எட்டுப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். ஃபிஜி, நியூஸிலாந்து, ஆர்ஜென்டினா, அமெரிக்கா என்று உலகத்தில் பெயர் எடுத்தவர்களைக் கொண்டு வந்து இறக்கினார்கள். மீதி ஐந்து பேர் நம் நாட்டுப் பையன்கள். ஒலிம்பிக் மைதானத்தில் ஓடியவனோடு தோள் உரசி ஆடும் பாக்கியம் அவர்களுக்குக் கிடைத்தது. அதன் மதிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. 34 ஆட்டமும் ஒரே ஊரில், மும்பையில் நடந்தன. சென்னை அணி சென்னையில் ஒரு நாள்கூட ஆடவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டுத் தெருப் பக்கமே வராத கல்யாணம் போல ஆகிவிட்டது.

உருகிப் போன 270 ரூபாய்

ரக்பி இந்தியாவுக்கு வந்தது நேற்று இல்லை. 1872-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்துக்காரர் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறு பக்கமுமாக ஆடிப் பார்த்தார்கள். ருசி கண்டு, அடுத்த மாதமே ஒரு சங்கத்தை ஆரம்பித்து விட்டார்கள். கூட்டம் சேர்ந்தது. சங்கத்தில் இலவசமாக மதுபானம் கொடுத்ததும் கூட்டம் சேர ஒரு காரணம் என்று சொல்வார்கள்!

பிறகு ஆடிக் கொண்டிருந்த பட்டாளம் ஊரை விட்டு மாற்றலாகிப் போயிற்று. இலவச மதுவை நிறுத்தினார்கள். மிச்சம் இருந்தவர்கள் டென்னிஸ், போலோ என்று திரும்பி விட்டார்கள். சங்கம் படுத்துவிட்டது. கஜானாவில் கொஞ்சம் பணம் இருந்தது. என்ன செய்வது? அந்த வெள்ளி ரூபாய்களில் 270-ஐ உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று நாகங்கள் மூன்று கைப்பிடி. மூடியின் மேலே ஒரு யானை. 1878-ல் அதை இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கு அனுப்பி வைத்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கோப்பைக்காக மோதி வருகின்றன. பெயர் இன்றைக்கும் 'கல்கத்தா கோப்பை'தான். சங்கம் செத்து நூற்றைம்பது வருஷம் ஆகப் போகிறது. கோப்பை மட்டும் சுமங்கலியாக இருக்கிறது.

ஊர்க்காரன் வீட்டுக்குள் நுழையாத ஆட்டம், அதைக் கொண்டு வந்தவன் மூட்டை கட்டினால் கூடவே மூட்டை கட்டிவிடுகிறது. ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் இதுதான் நடக்கிறது.

இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை மட்டும் அல்ல. 2005-ல் ஹாக்கிக்கு ஒரு பிரீமியர் லீக் தொடங்கினார்கள். 'சென்னை வீரன்ஸ்' என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. 2008-ஓடு சரி. 2012-ல் வேறொரு ஹாக்கிப் பந்தயம். அதில் 'சென்னை சீட்டாஸ்'. அது ஒரே வருஷம். 2013-ல் மூன்றாவதாக ஒன்று ஆரம்பித்து, 2017-ல் நின்று, ஏழு வருஷம் தூங்கி, 2024 டிசம்பரில் மறுபடி எழுந்தது. கபடியிலேயேகூட, 2019-ல் போட்டிக்கு ஒரு லீக் நடத்திப் பார்த்தார்கள். அதிலும் சென்னை அணி இருந்தது. ஒரே வருஷம்தான். வருஷா வருஷம் தை பிறந்தால் மாட்டுக்குப் பொங்கல் வைப்பது போலச் சென்னையில் நடந்து வந்த சர்வதேச ஆண்கள் டென்னிஸ் பந்தயம், 1997 முதல் 2017 வரை 21 தடவை நடந்த பிறகு, புனாவுக்குக் குடி போய்விட்டது.

அப்படியானால் எதுவும் நிற்கவே நிற்காதா? நிற்கும். 2014 ஜூலை 26-ம் தேதி 'புரோ கபடி லீக்' என்று எட்டு அணிகளுடன் ஒரு பந்தயம் ஆரம்பமாயிற்று. "டெலிவிஷனில் கபடியை யார் பார்ப்பார்கள்?" என்று பட்டணத்துப் பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். முதல் வருஷத்திலேயே 43 கோடி ஜனங்களுக்கு மேல் பார்த்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அந்த முதல் வருஷத்து ஏலத்தில் மிக அதிகமான தொகை பெற்றவர் ராகேஷ் குமார். தொகை 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். எட்டே வருஷத்தில், 2022-ல், பவன் சேராவத்தை நம் 'தமிழ் தலைவாஸ்' அணி எடுத்தது இரண்டு கோடியே 26 லட்சத்துக்கு!

இதன் ரகசியம் என்ன? கபடியை ஜனங்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மதுரைச் சீமையில் கோடு கிழிக்கச் சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் காலால் மண்ணைக் கீறிவிட்டு ஆடுகிறவர்கள் நம் பையன்கள். அந்த ஆட்டத்தைப் பெட்டிக்குள் கொண்டு வந்து வெளிச்சம் போட்டார்கள், அவ்வளவுதான். ரக்பிக்கு வெளிச்சம் முதலில் வந்துவிட்டது. மண் இனிமேல்தான் வர வேண்டும்.

பதினெட்டுப் பேர் கூட்டுக் குடும்பம்

கடல் தாண்டி ஒரு கதை இருக்கிறது. அதைக் கேட்டால் நம் சென்னைக் காளைகளின் ஜாதகமும் கொஞ்சம் விளங்கும்.

1995 வரை ரக்பியில் பணம் வாங்கி ஆடினால் பாவம் என்று வைத்திருந்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டு மாதம் அந்தத் தடை நீங்கிற்று. அதற்குச் சற்று முன்பே நியூஸிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் கூடி, பத்திரிகைச் சக்கரவர்த்தி ரூபர்ட் மர்டாக்கின் கம்பெனியுடன் பத்து வருஷத்துக்கு 55 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்து கொண்டன. 1996-ல் 12 அணிகளுடன் 'சூப்பர் 12' பிறந்தது. உலகத்திலேயே ரக்பி ரசிகன் இதைப் போல விரும்பிப் பார்த்தது வேறு இல்லை என்று அப்போது பேசிக் கொண்டார்கள்.

நன்றாக நடக்கிற குடும்பத்தில் என்ன ஆசை வரும்? இன்னும் பெருக்கலாம் என்றுதான். 2006-ல் 14, 2011-ல் 15, 2016-ல் 18 அணிகள். ஜப்பானில் ஒன்று, ஆர்ஜென்டினாவில் ஒன்று. தோக்கியோவிலிருந்து புவெனஸ் ஐரிஸ் வரை ஒரே குடும்பம்! தென்னாப்பிரிக்காவில் மாலையில் ஆட்டம் நடந்தால் நியூஸிலாந்தில் அது கோழி கூவுகிற நேரம். ஆட்டக்காரர்கள் பாதி நாள் விமானத்தில் இருந்தார்கள். யார் எந்தப் பிரிவில் இருக்கிறார், யார் யாரோடு ஆட வேண்டும் என்பதே ரசிகர்களுக்குக் குழம்பிப் போயிற்று. எத்தனை பிள்ளை என்று தாத்தாவுக்கே கணக்குத் தெரியாத வீட்டில் பந்தி எப்படி ஒழுங்காக நடக்கும்?

வந்தவர்கள் மட்டமானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆர்ஜென்டினா அணி 2019-ல் இறுதி ஆட்டம் வரை வந்தது. ஆனால் 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றவுடன் குடும்பம் நாலாபக்கமும் சிதறிற்று. தென்னாப்பிரிக்காவின் பெரிய அணிகள் ஐரோப்பாவோடு சேர்ந்து கொண்டன. காரணம் எளிது: தூரம் அதிகம்தான், ஆனால் கடிகாரம் ஒத்துப் போகிறது. ஜப்பான் அணி கலைந்தது. ஆர்ஜென்டினா அணியும் வெளியேறிற்று. மிச்சமிருந்தவர்கள் 2022-ல் பசிபிக் தீவுகளைச் சேர்த்துக் கொண்டு 12 அணிகளாக மறுபடி கடை விரித்தார்கள். 2024-ம் வருஷப் பந்தயத்துக்குப் பிறகு கடன் பட்டு மெல்பர்ன் அணி மூடப்பட்டது. 2025-ல் ஆடியவை 11.

முப்பது வருஷத்தில் 12 என்பது 18 ஆகி, 11 ஆகிவிட்டது. ஐயோ பாவம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இந்தச் சரிவுக்கு நடுவிலேதான் அந்தப் பந்தயத்துக்குப் புது உயிர் வந்தது. வந்தது எங்கிருந்து தெரியுமா? ஃபிஜித் தீவிலிருந்து.

ஆம், கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாரதியார் உருகிப் பாடினாரே, அதே ஃபிஜிதான். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவர்களைக் கூலி ஒப்பந்தத்தில் கப்பல் ஏற்றினார்கள். அவர்களுடைய வம்சத்தார் அங்கே நாடி என்ற ஊரில் முருகனுக்குக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். 1926-லேயே சங்கம் அமைத்துப் பள்ளிக்கூடங்கள் நடத்தி வருகிறார்கள். அந்த நாடிக்குச் சற்று வடக்கே லவுடோக்கா என்ற சர்க்கரை ஆலைப் பட்டணம். அந்தப் பட்டணத்து மைதானத்தில் 2023 மார்ச் 11-ம் தேதி 'ஃபிஜியன் துருவா' அணி, எத்தனையோ தடவை பட்டம் வென்ற நியூஸிலாந்தின் 'குருசேடர்ஸ்' அணியைக் கடைசி நிமிஷத்து உதையில் 25-க்கு 24 என்று வீழ்த்தியது. சேர்ந்து இரண்டாவது வருஷம்தான்! நம் வம்சத்தாருக்கு அங்கே கால்பந்துதான் உயிர் என்பது உண்மை. ஆனாலும் சொந்த மண்ணில், சொந்த ஜனங்களுக்கு முன்னால் நடக்கிற ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அந்தப் பட்டணத்தைத்தான் பார்க்க வேண்டும். தோக்கியோவுக்கும் புவெனஸ் ஐரிஸுக்கும் பணம் இருந்தது. ஃபிஜியில் ஒவ்வொரு கிராமத்திலும் பந்து இருந்தது.

இவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945-ல் 'பிராட்பி கேடய'த்துக்காக ரக்பி ஆட ஆரம்பித்தன. தாத்தா ஆடினார், அப்பா ஆடினார், இப்போது பேரன் ஆடுகிறான் என்று குடும்பமே திரண்டு போய் உட்கார்ந்து கத்துகிறது. இத்தனைக்கும் அது பள்ளிக்கூடப் பையன்கள் ஆட்டம். யாருக்கும் சம்பளம் கிடையாது.

பெண்கள் வந்தார்கள்

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

ஃபிஜி ஆண்கள் சூப்பர் ரக்பியில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் ஃபிஜிப் பெண்கள் ஆஸ்திரேலியாவில் நடக்கும் மாதர் பந்தயத்தில் 2022-ல் முதல் தடவையாகக் காலை வைத்து, அந்த வருஷமே கோப்பையை வாங்கினார்கள். 2023-லும் அவர்களே வாங்கினார்கள். வீட்டில் மூத்தவன் இன்னும் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்க, தங்கை தேறி வேலைக்கும் போய்விட்டது போல!

2025 செப்டம்பர் 27-ம் தேதி லண்டனில் உலக மாதர் ரக்பிக் கோப்பையின் இறுதி ஆட்டம். இங்கிலாந்துப் பெண்கள் கானடாப் பெண்களை 33-க்கு 13 என்று வென்றார்கள். பார்க்க வந்தவர்கள் 81,885 பேர். பெண்கள் ரக்பிக்கு அதற்கு முன் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. ரக்பியின் வருங்காலம் எங்கே என்று நிபுணர்கள் கமிட்டி போட்டு யோசிக்கிறார்கள். அந்த 81,885 பேரும் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் ஆண்களைக் காட்டிலும் பெண்கள்தாம் இந்த ஆட்டத்தில் ஆச்சரியப்பட வைத்திருக்கிறார்கள். வடவங்காளத்தில் சரஸ்வதிபூர் என்று ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கிற குடும்பத்துப் பெண் குழந்தைகளுக்கு அங்கே ஒரு தொண்டு நிறுவனம் ரக்பி கற்றுக் கொடுத்தது. அவர்களில் பலர் இந்தியாவுக்காகவே ஆடினார்கள். சந்தியா ராய் என்ற பெண்ணின் பெயர் உலக ரக்பிச் சபை வரைக்கும் போயிற்று. பீகாரிலிருந்து வந்த ஸ்வீட்டி குமாரியும், ஒரிஸ்ஸாவின் ஆதிவாசிப் பெண்களும் இந்திய அணிக்கு முதுகெலும்பாக நின்றார்கள். 2019 ஜூன் மாதம் மணிலாவில் இந்தியப் பெண்கள் சிங்கப்பூரை 21-க்கு 19 என்று வென்றார்களே, அதுதான் 15 பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களுக்குக் கிடைத்த முதல் சர்வதேச வெற்றி.

ஆனால் 2025-ல் மும்பையில் ஆடிய ஆறும் ஆண்கள் அணிகள். கபடியிலும் இதே கதைதான் நடந்தது. 2016-ல் பெண்களுக்கென்று மூன்றே மூன்று அணிகளை வைத்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். இறுதி ஆட்டம் ஒரே புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது, அவ்வளவு விறுவிறுப்பு. அதோடு அதை மடித்து வைத்து விட்டார்கள். ஆண்கள் பந்தயமோ வருஷா வருஷம் வளர்ந்தது. இதற்கு நடுவே நம் பெண்கள் 2025 நவம்பரில் டாக்காவில் உலகக் கோப்பையை வாங்கி வந்தார்கள். அதே வருஷம் பஹ்ரைனில் ஆசிய இளைஞர் விளையாட்டுகளில் தங்கம் வென்ற பெண்கள் கபடி அணிக்குத் துணைத்தலைவி, சென்னை கண்ணகி நகரில் வளர்ந்த கார்த்திகா. பெண்களுக்கு ஆடத் தெரியும் என்பதற்கு இன்னும் என்ன அத்தாட்சி வேண்டுமோ, எனக்குத் தெரியவில்லை.

வாசலில் நிற்கிற மாஸ்டர்

டிரில் மாஸ்டர் வாசலில் நிற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். "காபி சாப்பிடுங்கள் சார்" என்று உட்கார வைத்துவிட்டு, நீங்கள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

தலையைப் பற்றி முதலில் கேளுங்கள். கை கால் முறிந்தால் புத்தூர்க் கட்டுப் போட்டுச் சரியாக்கலாம். தலையில் அடுத்தடுத்துப் படும் அதிர்ச்சி அப்படி இல்லை. 2003-ல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் இருந்த ஸ்டீவ் தாம்சன், அந்த வெற்றியே தமக்கு ஞாபகம் இல்லை என்று 2020-ல் சொன்னபோது உலகம் திடுக்கிட்டது. 42 வயதில் மறதி நோய்! அவரைப் போன்ற பலர் ரக்பிச் சபைகளின் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் கட்டுப்பாடுகள் இறுகின. 2024 முதல் பெரிய ஆட்டங்களில் ஆட்டக்காரர் கடிக்கிற பல்கவசத்துக்குள்ளேயே ஒரு கருவி இருந்து, தலை எவ்வளவு வேகமாகக் குலுங்கிற்று என்று டாக்டருக்குச் சொல்லிவிடுகிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தக் கருவிக்குப் போக முடியாது. ஆனால் தலையில் அடிபட்ட குழந்தையை அன்றைக்கே திரும்ப ஆட விடமாட்டேன் என்று மாஸ்டர் வாக்குக் கொடுக்க முடியும். குழந்தைகளுக்குக் கீழே தள்ளாமல் தொட்டால் போதும் என்கிற 'டச் ரக்பி'யில் ஆரம்பிக்க முடியும். இதற்குச் சரியாகப் பதில் வரவில்லை என்றால், காபியோடு அனுப்பி விடுங்கள்.

அடுத்தது பிழைப்பு. மும்பைப் பந்தயம் நடந்தது 15 நாள். வருஷத்துக்கு 365 நாள். மீதி 350 நாளைக்கு அந்த ஐந்து நாட்டுப் பையன்கள் என்ன சாப்பிடுவார்கள்? கபடிக்காரர்களுக்குப் பந்தயம் முடிந்தாலும் ரயில்வேயிலும் போலீசிலும் பாங்கிலும் ஒரு நாற்காலி காத்திருக்கிறது. அந்த நாற்காலிதான் கிராமத்துத் தகப்பனாரை, "சரி, போய் ஆடு" என்று சொல்ல வைக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். ரக்பி ஆடுகிற பெண்ணுக்கு எந்த அளவு தேறினால், எந்த வேலைக்கு, எப்போது விண்ணப்பம் போடலாம் என்று மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோடீஸ்வரர்கள் ஏலத்தில் கையைத் தூக்குவதைவிட இந்த விவரம் நமக்கு முக்கியம்.

மூன்றாவது, மைதானம். விளாங்குடியில் பெண்கள் படிக்க இடத்துக்குப் பஞ்சம் இல்லை. திண்டுக்கல் சாலையில் பாத்திமா கல்லூரி 1953 முதல் இருக்கிறது. 2011-ல் விளாங்குடி மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு வீடுகள் நெருக்கி அடித்துக் கொண்டு எழுந்திருக்கின்றன. மனை விலை ஏற ஏற, பிள்ளைகள் விழுந்து புரளும் பொட்டல் குறைகிறது. ரக்பிக்குப் புல் தரை வேண்டும். கட்டாந்தரையில் ஆடினால் தோல் மிஞ்சாது.

நம் ஊரில் நடத்தினால் யார் வருவார்கள் என்று பந்தயக்காரர்கள் தயங்குவார்களோ என்னவோ. அவர்கள் 2025 நவம்பர் கடைசியில் மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் வந்திருக்க வேண்டும். உலக ஜூனியர் ஹாக்கிக் கோப்பையை 24 நாடுகளுக்கு நடத்தியபோது சென்னையோடு மதுரைக்கும் பங்கு கொடுத்தார்கள். அதற்கென்றே புது மைதானம் போட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளை மதுரை தன் கண்ணாலேயே பார்த்தது. இறுதி ஆட்டம் சென்னையில்தான். இருந்தாலும் மதுரைப் பையன்களுக்கு ஹாக்கி என்பது டெலிவிஷன் பெட்டிக்குள் இருக்கிற சமாசாரம் என்ற நினைப்பு அன்றைக்கே போய்விட்டது.

ரக்பிக்கும் இதைச் செய்யலாம். ஒரு பெரிய ஆட்டத்துக்குப் பதினாறு நிமிஷம்தானே? சென்னையில் இரண்டு நாள், மதுரையில் ஒரு நாள் என்று வைத்தால் குடியா முழுகிப் போகும்? பெரிய ஆட்டங்களுக்கு நடுவே பள்ளிக்கூடப் பெண்கள் ஆட்டம் ஒன்றை நுழைத்தால், அவர்களுடைய அம்மா, அத்தை, பாட்டி எல்லாரும் வந்து உட்காருவார்கள். டிக்கெட் விற்கவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான யோசனை எனக்குத் தோன்றவில்லை.

மாஸ்டர் காபியைக் குடித்து முடித்துவிட்டாரா? ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "சார், இந்தச் சென்னை அணி என்றைக்குத் தமிழ்நாட்டில் ஆடப் போகிறது?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது; அவர் மேல் குற்றமில்லை. அதே கேள்வியை ஒரு கார்டில் எழுதி அணியை நடத்துகிறவர்களுக்குப் போடச் சொல்லுங்கள். கீழே நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.